மேல்வீட்டுச் சூடு யார் பொறுப்பு?

வாடகைக்கு வீடு விடுகிறவர் குடித்தனக்காரருக்குச் செய்ய வேண்டிய கடமை என்ன என்று கேட்டால், நம்மில் அநேகர் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். குழாயில் தண்ணீர் வர வேண்டும். கதவு பூட்ட வேண்டும். மழைக்குக் கூரை ஒழுகக் கூடாது. காலி செய்யும்போது முன்பணத்தை நியாயமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவற்றில் தவறுகிறவர் அநியாயம் செய்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் குற்றம் என்கிற நாம், அதே கூரை அடுப்பாகக் கொதித்தால் அதை வெயிலின் குற்றம் என்று தள்ளிவிடுகிறோம். இது சரிதானா?

நமது பட்டணங்களில் வீடு வளருகிற விதம் எல்லோரும் அறிந்ததே. கீழே வீட்டுக்காரர் குடியிருப்பார். பிள்ளைகள் படிப்புக்குச் செலவு கூடும்போதோ, ஓய்வு பெற்ற பணம் கைக்கு வரும்போதோ, மாடியில் ஒரு போர்ஷன் எழுப்பி வாடகைக்கு விடுவார். இதில் தவறு ஏதும் இல்லை. குடும்பத்தைத் தாங்க நேர்மையான வழிதான். ஆனால் மாடி எழும்பியதும் ஒரு காரியம் சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. அதுவரை வீட்டுக்காரர் தலைமேல் இருந்த வெயில் குடித்தனக்காரர் தலைக்கு மாறுகிறது. மேல்வீடே கீழ்வீட்டுக்குக் குடை. கீழே இருப்பவருக்கு முன்னைவிடக் குளிர்ச்சி. அதற்கு மேல் மாதந்தோறும் வாடகை!

சித்திரை மாதத்தில் சென்னைக்கு நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு நேராக வந்து நிற்கிறது. ஆகையால் சுவர்களைவிட மொட்டை மாடியே வெயிலை மிகுதியாக வாங்குகிறது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகல் முழுவதும் அந்தச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் அறைக்குள் கக்குகிறது. தெருவில் காற்று ஆறிய பிறகும், இரவு பத்து மணிக்கு மேல்வீட்டு விசிறி அனலை வீசுவது இதனால்தான். விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை, சுழற்றி விடுகிறது, அவ்வளவே.

இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய பேச்சல்ல. 2010-ஆம் ஆண்டு மே மாதம் அகமதாபாத் நகரத்தைத் தாக்கிய வெப்ப அலையில், வழக்கத்துக்கு மேலாக 1,300-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் பேறுகால வார்டு மேல்மாடியில் இருந்தது. வெப்பத்தால் வாடிப்போய் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோகப்பட்ட பச்சிளங் குழந்தைகளைக் கண்ட பிறகு, வார்டைக் கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள். அப்படி வந்த குழந்தைகளின் தொகை பாதிக்கும் கீழாகக் குறைந்தது. மருந்து மாறவில்லை, தாய்மார் மாறவில்லை. தலைக்கு மேல் இருந்த கூரைதான் மாறியது. நம் மாடிப் போர்ஷன்களிலும் பிரசவித்த தாய்மாரும், படுக்கையில் கிடக்கும் முதியோரும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழ்த் தளத்துக்கு இறங்க வழியில்லை.

பழைய ஏற்பாட்டில், உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில், வீடு கட்டுகிறவனுக்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, எவனாவது தவறி விழுந்தால் இரத்தப் பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. இதைக் கவனியுங்கள். விழுந்தவனை யாரும் தள்ளவில்லை. தன் கவனக்குறைவாலேயே விழுந்திருக்கலாம். ஆனாலும் வீடு கட்டினவனுக்குத் தப்பில்லை. தன் மாடியில் யார் நடப்பார், அவருக்கு என்ன நேரும் என்று முன்கூட்டி எண்ணாததே அவன் குற்றம். கட்டுகிறவன் தனக்காக மட்டும் கட்டுவதில்லை என்பதைச் சர்வேசுரன் அன்றைக்கே சட்டமாக்கி வைத்தார். மாடியின் மேலே நிற்கிறவனுக்கு இவ்வளவு அக்கறை என்றால், மாடியின் கீழே தூங்குகிறவனுக்கு எவ்வளவு?

“சம்மதித்துத்தானே குடிவந்தார்? பிடிக்காவிட்டால் வேறு வீடு பார்க்கட்டும்” என்று சிலர் சொல்லக்கூடும். கார்த்திகை மாதத்தில் வீட்டைப் பார்த்து முன்பணம் கொடுத்தவருக்குச் சித்திரையின் சூடு எப்படித் தெரியும்? தெரிந்தே வந்தாலும், பள்ளிக்கூடம் அருகில், வேலை அருகில், கையில் இருக்கும் பணத்துக்குக் கிடைத்தது இதுதான் என்று வருகிறவரின் சம்மதம் எப்படிப்பட்ட சம்மதம்? பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டில் தொழிலாளர் நிலையைப் பற்றி எழுதிய நிருபத்தில், வறுமையின் நெருக்கடியால் ஒருவன் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டான் என்பதனாலேயே அந்தக் கூலி நீதியாகிவிடாது என்று போதித்தார். கூலிக்குச் சொன்னது கூரைக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

“ஏ.சி. வைத்துக்கொள்ளட்டுமே” என்பது இன்னொரு பதில். வைத்துக்கொள்ளலாம்; பில் யார் கட்டுவது? வீட்டைக் கட்டுகிறவர் ஒருவர், கரண்ட் பில் கட்டுகிறவர் வேறொருவர். இதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு. தளத்துக்கு மேல் மிச்சம் பிடித்த செலவை, குடித்தனக்காரர் கோடைதோறும் மின்கட்டணமாகச் செலுத்துகிறார். போதாததற்கு, அந்த யந்திரம் உறிஞ்சிய சூட்டை அடுத்த வீட்டு ஜன்னலுக்கு நேரே ஊதித் தள்ளுகிறது.

நம் முன்னோர் கட்டின மெட்ராஸ் டெரஸ் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பதித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, தட்டோடு பதிப்பார்கள். கான்கிரீட் வந்த பிறகும் தளத்தின்மேல் அந்தச் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் போடுவது வழக்கமாக இருந்தது. இன்று அதற்கு ஆள் கிடைக்கவில்லை, காலம் பிடிக்கிறது என்று, நீர் கசியாத பூச்சு ஒன்றை மட்டும் அடித்து முடித்துவிடுகிறார்கள். மழைக்குப் பாதுகாப்பு; வெயிலுக்கு ஒன்றுமில்லை.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு வீடுகளுக்கென்று வெளியிட்ட மின்சிக்கன விதித்தொகுப்பு, கூரை வழியாக இறங்கும் வெப்பத்துக்கு எல்லை வகுத்திருக்கிறது. வெறும் கான்கிரீட் தளம் அந்த எல்லைக்கு இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உள்ளே விடும். ஆனால் அந்த விதி எழுதப்பட்டது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலுமான மனைகளுக்கே. ஒரு கிரவுண்டிலும் அரைக் கிரவுண்டிலும் வீடு வைத்திருக்கிற நம்மைக் கேட்க வருவது மனச்சாட்சி மட்டுந்தான்.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. மாடி வாடகையே ஜீவனமாக இருக்கிற விதவைத் தாய் ஒருவர் என்ன செய்வார்? கூலிங் டைல்ஸ் பதிக்க அவரிடம் பணம் ஏது? முடியாததைச் செய்யும்படி எந்த நீதியும் யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனால் முடிந்தது ஒன்று உண்டு. சுண்ணாம்போடு வெள்ளைச் சிமெண்டும் பசையும் கலந்து மாடிக்கு இரண்டு கை அடித்தால், வெள்ளைத் தளம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரையும், அழுக்குப் படியும். ஆகையால் ஒவ்வொரு ஆண்டும் பங்குனிக்குள் புதுப்பிக்க வேண்டும். அந்த அம்மாள் சுண்ணாம்பு வாங்கட்டும். குடித்தனக்காரர் தம் பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை காலை வாளியும் பிரஷும் எடுத்து ஏறட்டும். குடியிருப்பவருக்கும் கடமை இல்லாமல் போகவில்லை.

வசதியுள்ள வீட்டுக்காரர் டைல்ஸ் பதித்துவிட்டு அதைக் காரணம் காட்டி வாடகையை உயர்த்தலாமா? என்னைக் கேட்டால், செலவு முழுவதையும் தாமே ஏற்பதுதான் முறை. ஒழுகுகிற கூரையை அடைத்ததற்கு யாரும் தனி வாடகை கேட்பதில்லை. அது தாங்காது என்றால், செலவைப் பல மாதங்களுக்குப் பங்கிட்டுக் கணக்கைக் குடித்தனக்காரரிடம் காட்டி வாங்கிக்கொள்ளட்டும். கணக்குத் தீர்ந்த மாதத்திலிருந்து பழைய வாடகையே வாங்கட்டும்.