சோதிக்காத நம்பிக்கை

பிரேக் பிடிக்கும் என்று மனதார நம்பி வண்டியை எடுத்தவர், அது பிடிக்காமல் ஒருவர் மீது மோதினால் குற்றவாளியா? 1877இல் தத்துவ அறிஞர் வில்லியம் கிளிஃபோர்ட் ஒரு கப்பல் முதலாளியை முன்வைத்து இதே கேள்வியை எழுப்பினார். சோதிக்காமல் நம்பிப் பழைய கப்பலை அனுப்பியவர், அது பத்திரமாகக் கரை சேர்ந்தாலும் குற்றவாளியே என்றார். அவர் சொன்னது சரி என்பதைப் பிரேக்கே காட்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டாட் 3 ரகத்தின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீத நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 140தான். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் எழும் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும். குமிழோ சுருங்கிக்கொடுக்கும், பெடல் அடிவரை இறங்கிவிடும். அதுவரை காலுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆகவே, நேற்றுவரை நன்றாகப் பிடித்தது என்பது சாட்சியமாகாது.

ஆயுத பூசையன்று வண்டிக்குப் பொட்டு வைப்பது வீணா என்று கேட்கலாம். வீணில்லை, கருவியை வணங்குபவருக்கு அதைப் பேணும் கடமை கூடுகிறது. எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டே வாழ முடியுமா என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆனால் இங்கே பணயம் பிறர் உயிர். கேட்கப்படுவதோ அவ்வப்போது ஆயில் மட்டத்தைப் பார்ப்பதும், பெரும்பாலான கார்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும்தான். மாற்றும்போது பிரேக் குழாயில் புகும் காற்றை வெளியேற்றத் தெரியாதவர்கள் மெக்கானிக்கிடம் விடலாம். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று இன்றே சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள்.