குதிரையின் சம்மதம்

அமெரிக்காவின் வெஸ்டர்ன் சவாரிப் போட்டிகளில் ரெய்னிங் என்று ஒன்று உண்டு. பெரிய வட்டம், சிறிய வட்டம், ஒரு பின்னங்காலை ஊன்றிச் சுழல்வது, முழு ஓட்டத்திலிருந்து பின்னங்கால்கள் மணலில் சறுக்க நிற்பது என, மாட்டுப் பண்ணைகளில் பிறந்த அசைவுகளை ஒரு கையில் தளரப் பிடித்த கடிவாள வாரோடு செய்து காட்ட வேண்டும். இதற்கென 1966இல் தொடங்கிய தேசிய ரெய்னிங் குதிரைச் சங்கத்தின் விதிநூல், சிறந்த குதிரைக்கு ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது. அது மனமுவந்து வழிநடக்க வேண்டும். எதிர்ப்பு கண்ணில் படக்கூடாது. கூடவே, அதன் ஒவ்வோர் அசைவும் சவாரி செய்பவரின் ஆணைக்கு முற்றிலும் அடங்கியிருக்க வேண்டும். நடுவருக்கு இதில் சிக்கல் எதுவுமில்லை, மதிப்பெண் போட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் முற்றிலும் ஆட்டுவிக்கப்படுகிற உயிர் மனமுவந்துதான் ஆடுகிறது என்பதை எதைக்கொண்டு சொல்வது? மறுக்க வழியில்லாத இடத்தில் இசைவு என்று ஒன்று இருக்க முடியுமா? இந்த இலக்கணத்தின் இரண்டு பாதிகளும் சேர்ந்து நிற்காது; ஒன்றை விடவேண்டுமென்றால் முழு அடக்கம் என்ற பாதியைத்தான் விடவேண்டும் என்பது என் வாதம்.

பழக்குகிறவர்கள் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்ல. பழைய பண்ணைகளில் குதிரையைக் கட்டிப்போட்டுச் சேணமேற்றி, அது துள்ளித் துள்ளி ஓயும்வரை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்து, சில நாளிலேயே வேலைக்கு இறக்கிவிடுவார்கள். டாம் டோரன்ஸும் (1910–2003) அவர் வழிவந்த ரே ஹன்ட்டும் (1929–2009) வேறு முறையைப் பரப்பினார்கள். காலாலோ வாராலோ லேசாக ஓர் அழுத்தம். குதிரை சரியான பக்கம் திரும்ப நினைத்த கணத்திலேயே அழுத்தத்தை விட்டுவிடுவது. அதற்குப் பாடம் புகட்டுவது அழுத்தமல்ல, விடுகிற அந்தக் கணம். கையின் திறமை முழுவதும் அதில்தான் இருக்கிறது. அடித்து ஆடவைத்த நடனக்காரரிடம் அழகு இருக்காது, குதிரையும் அப்படித்தான் என்று கிரேக்க நாட்டு செனபன் இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டதால், இதை அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று கொண்டாட வேண்டியதில்லை. இதற்கு வலுவான மறுப்பு ஒன்றும் உண்டு. விடுவது என்பதே முதலில் பிடித்திருப்பதால்தானே? மென்மையான மிரட்டலும் மிரட்டல்தானே? இன்னும் கடினமான கேள்வி 1967இல் உளவியலாளர்கள் செலிக்மனும் மேயரும் நாய்களை வைத்துச் செய்த சோதனையிலிருந்து எழுகிறது. எதைச் செய்தாலும் மின்னதிர்ச்சி நிற்காது என்று கண்ட நாய்களில் பல, பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் முயலாமல் படுத்துக்கிடந்தன. தலை தாழ்த்தி, அசையாமல், சொன்னதற்கெல்லாம் நடக்கிற குதிரை இணங்கியிருக்கிறதா, கைவிட்டுவிட்டதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எதிர்ப்பின்மையை மட்டும் அளவுகோலாக வைக்கும் எந்த விதியும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

குதிரைக்குச் சம்மதம் என்று ஒன்று உண்டா என்றே கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரிஸ்டாட்டில் இங்கே உதவுகிறார். தன்னிச்சையாகச் செய்வது விலங்குக்கும் குழந்தைக்கும் உண்டு, ஆனால் ஆராய்ந்து தேர்வது அவற்றுக்கு இல்லை என்று அவர் பிரித்தார். பத்திரத்தில் கையெழுத்திடுவது போன்ற சம்மதத்தைக் குதிரையிடம் தேடுவது வீண்தான். ஆனால் அதற்கு விருப்பமும் வெறுப்பும் உண்டு, கேட்டால் சொல்லவும் செய்யும். நார்வேயில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைக் குறிகள் கற்பிக்கப்பட்டன: போர்வை வேண்டும், போர்வையை எடு, இப்படியே இருக்கட்டும். இரண்டு வாரத்துக்குள் அத்தனையும் கற்றுக்கொண்டன. மழையும் குளிர்காற்றும் அடித்த நாளில் போர்வை கேட்டன, வெயில் நாளில் எடுக்கச் சொன்னன. போர்வை சின்ன விஷயம், முதுகில் ஆளை ஏற்றுவது அப்படியல்ல என்பது உண்மை. என்றாலும் தன் உடம்பைப் பற்றிக் குதிரைக்கு ஒரு கருத்து இருக்கிறது என்பதை இனி மறுக்க முடியாது.

வெஸ்டர்ன் சவாரி வேரூன்றிய மண் பெரும்பாலும் கிறிஸ்தவ மண். விலங்குகளை ஆளும் உரிமையைக் கடவுளே கொடுத்துவிட்டார், பிறகென்ன சம்மதம் என்பது அங்கே எளிதில் வரும் பதில். ஆதியாகமத்தை ஊன்றிப் படித்தால் அந்தப் பதில் அவ்வளவு எளிதாக நிற்பதில்லை. முதல் அதிகாரத்தில் ஆளுகை தரப்படும்போது அச்சம் என்ற பேச்சே இல்லை. மனிதருக்கும் விலங்குக்கும் தாவரமே உணவு. விலங்குகள் மனிதருக்கு அஞ்சும் என்பது ஜலப்பிரளயத்துக்குப் பிறகு, ஒன்பதாம் அதிகாரத்தில், இறைச்சி உண்ணும் அனுமதியோடு சேர்ந்து வருகிறது. அச்சத்தால் ஆள்வது, வீழ்ந்துபோன உலகத்துக்கான ஏற்பாடு. எண்ணாகமம் 22இல் வரும் தீர்க்கதரிசி பிலேயாமின் கழுதை இதற்கும் மேலே போகிறது. அது வழியைவிட்டு வயலுக்குள் விலகுகிறது. பிறகு அவன் காலைச் சுவரோடு நசுக்குகிறது. மூன்றாம் முறை படுத்தேவிடுகிறது. மூன்று முறையும் அடி. உருவின பட்டயத்தோடு வழியில் நின்ற தேவதூதனை அது கண்டது, தீர்க்கதரிசி காணவில்லை. வாய் திறந்ததும் அது தத்துவம் பேசவில்லை. இத்தனை காலம் ஏறிவந்தாயே, எப்போதாவது இப்படிச் செய்திருக்கிறேனா என்றுதான் கேட்கிறது. இது இஸ்ரவேலைப் பற்றிய கதை, விலங்குகளைப் பற்றியதல்ல என்று வேத அறிஞர் சொல்லக்கூடும். சரிதான். ஆனாலும் கதை வேலை செய்வதே, நெடுநாள் பழகிய விலங்கின் மறுப்புக்கு ஒரு காரணம் இருக்கும், அதை விசாரிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் ஒப்புக்கொள்வதால்தான்.

காட்டுத்தடத்தில் சவாரி போகிறவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. குதிரை ஓடைக்கரையில் நின்றுவிடுகிறது. தலையின் இருபுறமும் கண்கள் இருப்பதால் தன்னைச் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாத் திசையையும் அது பார்க்கிறது. மங்கிய ஒளியில் நம்மைவிட நன்றாகப் பார்க்கும். அது அஞ்சுவது சேற்றுக்குழிக்கா, முள்ளில் சிக்கிய பிளாஸ்டிக் பைக்கா என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. ஒவ்வொரு மறுப்புக்கும் இடம் கொடுத்தால் குதிரை மறுப்பதையே கற்றுக்கொள்ளும், ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கு தன் இஷ்டத்துக்குத் திரும்பினால் ஆளைக் கொன்றுவிடும் என்பார்கள். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் மறுப்பைக் கேட்பது வேறு, அதற்கு அடிபணிவது வேறு. நின்று பார்க்கவிடலாம்; இறங்கிக் காலால் தரையைச் சோதிக்கலாம்; வீண் பயம் என்று தெரிந்தால் பொறுமையாக மறுபடி கேட்கலாம். கலிபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பைச் சவாரியில் 24 மணி நேரத்துக்குள் 100 மைல் கடக்க வேண்டும். வழியில் கால்நடை மருத்துவர்கள் நாடித்துடிப்பையும் நடையையும் பார்த்து, தகுதியில்லை என்று கண்டால் குதிரையை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். சவாரி செய்பவர் எவ்வளவு கெஞ்சினாலும் பயனில்லை. குதிரையின் உடம்பு சொல்லும் மறுப்புக்கு அங்கே அதிகாரம் உண்டு. அதன் மனம் சொல்வதற்கு இன்னும் இல்லை.

மிஞ்சியிருப்பது மரபணுவிலிருந்து வரும் ஆட்சேபம். இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் மூதாதைகள் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளிலிருந்து பரவின என்று 2021இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. முதுகெலும்பின் வலுவோடும் சாந்த சுபாவத்தோடும் தொடர்புடையதாகக் கருதப்படும் மரபணுப் பகுதிகள் அப்போதே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. இணங்குவதற்கென்றே வளர்த்தெடுத்த விலங்கின் இணக்கத்துக்கு மதிப்பேது? எனக்கு இது எதிர்த்திசையில் வெட்டுவதாகவே படுகிறது. தலைமுறை தலைமுறையாக மறுப்பைக் குறைத்தே வளர்த்திருக்கிறோம் என்றால், அதையும் மீறி எழும் மறுப்புக்குச் செவி கூர்மையாக அல்லவா இருக்க வேண்டும்?

ரெய்னிங் விதிநூலுக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும்: குதிரையை அச்சுறுத்தக் கையைப் பயன்படுத்தினால் 5 புள்ளி கழிகிறது. தட்டிக்கொடுத்தாலும் அதே 5தான், அது வேடிக்கை. குதிரை உதைத்தாலோ, துள்ளினாலோ, பின்னங்காலில் எழுந்து நின்றாலோ அதற்கும் 5. காட்டுத்தடத்தில் குதிரை நின்றால் முன்னே ஒரு குழி இருக்கலாம். சமன்செய்த மணல் மைதானத்தில் குழி இல்லை. அங்கே அது மறுத்தால், காரணத்தை அதன் உடம்பிலோ மனத்திலோதான் தேட வேண்டும். தேடச் சொல்லும் விதி எதுவும் அந்த இலக்கணத்தில் இல்லை, புள்ளியைக் கழிப்பதோடு அது முடிந்துவிடுகிறது.