அறுந்த நூலும் அறுத்த நூலும்

ஓவர்லாக் மிஷினில் நடக்கிற ஒரு சின்ன விஷயம் என் மனதைவிட்டுப் போக மறுக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது, துணிக்கு அடியில் நூலை ஏந்திச் செல்லும் கொக்கியான கீழ் லூப்பரின் நூல் அறுகிறது. இடுக்கியை எடுத்து, அந்தச் சந்துபொந்தெல்லாம் நுழைத்து, பொறுமையாக மறுபடி கோக்கிறார்கள். இரண்டு மூன்று தையல் போவதற்குள் அதே நூல் மறுபடி அறுகிறது. நூல் மட்டம் என்று கோனை மாற்றுகிறார்கள், அறுகிறது. இறுக்கம் அதிகம் என்று டென்ஷனைத் தளர்த்துகிறார்கள், அப்போதும் அறுகிறது. விவரம் தெரிந்த ஒருவர் வந்தால் கீழ் லூப்பரைத் தொடுவதற்கு முன்பே ஊசியின் காதிலிருந்து நூலை உருவிவிடுவார். பிறகு கீழ் லூப்பரைக் கோப்பார். கடைசியாக ஊசியைக் கோப்பார். மிஷின் ஓடும். அறுந்தது கீழ் லூப்பர் நூல். அறுத்தது ஊசி நூல். சிகிச்சை முழுக்க அறுந்த நூலுக்கே நடந்தது, அறுத்த நூலை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தட்டைத் திறந்து, வீலைக் கையால் மெதுவாகத் திருப்பினால் நடப்பது கண்ணுக்குத் தெரியும். துணிக்குள் இறங்கிய ஊசி ஏறத் தொடங்கும்போது அதன் பின்னால் நூல் சற்றே புடைத்து ஒரு வளையமாகும். கீழ் லூப்பர் தன் நூலோடு வந்து அந்த வளையத்துக்குள் நுழையும். மேல் லூப்பர் எழுந்து, கீழ் லூப்பர் நூலின் வளையத்துக்குள் புகுந்து, தன் நூலைத் துணியின் ஓரத்தைத் தாண்டி மேலே கொண்டுவரும். அடுத்து இறங்கும் ஊசி அந்த மேல் நூலை மடக்கிப் பிடிக்கும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர இந்த நூல்களுக்கு வேறு பிடிமானம் கிடையாது. கீழ் லூப்பர் நூல் அறுந்து மிஷின் நின்ற நேரத்தில், ஊசி நூல் அந்த லூப்பரைச் சுற்றியபடி கிடக்கலாம். அப்படியே விட்டுவிட்டு லூப்பரில் புது நூலைக் கோத்தால், அது ஊசி நூலுக்கு அடியில் சிறைப்பட்டுவிடும். மிஷின் ஓடியதும் லூப்பர் முன்னே போகும்; நூல் வர வழியிருக்காது. புது நூலில் குற்றமில்லை. கோத்த வரிசையில்தான் குற்றம்.

இதை ஒரு மிஷினின் விசித்திரம் என்று தள்ளிவிட முடியவில்லை. ஓவர்லாக் தையலில் வரும் கோளாறுகளில் பல இதே குணம் கொண்டவை. மேல் லூப்பர் நூல் துணியின் அடிப்பக்கம் சுற்றிக்கொண்டு வந்தால், மேல் லூப்பர் தளர்ந்திருக்கலாம். கீழ் லூப்பர் இறுகிப்போய் அதைத் தன் பக்கம் இழுத்திருக்கவும் கூடும். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. தையல் விட்டுவிட்டு விழுந்தால் லூப்பர் மேல் சந்தேகம் வரும்; பெரும்பாலும் காரணம் முனை மழுங்கிய ஊசியோ, முழுதாக மேலே ஏற்றி முடுக்காத ஊசியோதான். எந்த நூல் எது என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு நிறம் கோத்து ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்ப்பது. பச்சை இருக்க வேண்டிய இடத்துக்குச் சிவப்பு வந்திருந்தால் வழி தவறிய நூல் சிவப்பு என்று தெரிந்துவிடும். அது தானாக வந்ததா, பச்சை இழுத்து வந்ததா என்பதை நிறம் சொல்லாது.

உடனே ஒரு மறுப்பு எழும். சில சமயம் அறுந்த நூலே குற்றவாளிதானே? வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்து உளுத்த நூல் இருக்கிறது. லூப்பரின் கண்ணில் சொரசொரப்பு ஏறியிருக்கலாம். உண்மைதான். ஆனால் அதற்கு வேறு அடையாளம் உண்டு. சொரசொரப்பில் உரசுகிற நூல் பெரும்பாலும் கொஞ்ச தூரம் ஓடி, நைந்து, முனையில் பஞ்சு தெரியத்தான் அறும். சிறைப்பட்ட நூல் ஓடத் தொடங்கியதுமே சட்டென்று அறும். பாதிக்கப்பட்டவர் எப்போதும் நிரபராதி என்று நான் வாதாடவில்லை. சரிசெய்த இடமே உடனுக்குடன் மறுபடி கெட்டால், அந்த இடத்தையே இன்னும் உற்றுப் பார்ப்பதில் பயனில்லை என்கிறேன்.

நூலுக்கு நடப்பதே பள்ளிக்கூடத்திலும் நடக்கும். வகுப்பில் அடிவாங்கிய பையன் திருப்பி அடிக்கும்போதுதான் வாத்தியார் திரும்பிப் பார்ப்பார். முதல் அடி மேஜைக்கடியில் சத்தமில்லாமல் விழுந்திருக்கும். பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தப்படுபவன் இரண்டாவது ஆள். அவனும் அடித்தான் என்பது பொய்யில்லை, அதனால்தான் அவனால் எதுவும் சொல்ல முடிவதில்லை. குழந்தைப் பருவத்தில் நாம் கற்கும் முதல் அநியாயம் அனேகமாக இதுதான் என்று நினைக்கிறேன். சத்தம் எங்கே கேட்டதோ அங்கே தண்டனை. பெரியவர்களான பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. வீட்டில் கத்துகிறவரைத்தான் கோபக்காரர் என்கிறோம். அலுவலகத்தில் வேலையை விட்டுப் போகிறவரைத்தான் பொறுமையில்லாதவர் என்கிறோம்.

மிஷினில் ஏன் இப்படி? குறை தெரியும் இடமும் பிறக்கும் இடமும் பிரிந்துபோவதற்கு ஓவர்லாக் தையலின் அமைப்பே காரணம் என்று தோன்றுகிறது. சாதாரணத் தையல் மிஷினில் ஊசி நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் பூட்டிக்கொள்கின்றன. உறுதியான பூட்டுதான்; ஆனால் பனியன் துணியில் போட்டு இழுத்தால் படக்கென்று தெறித்துவிடும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பின்னலாடை ஆலை நடத்திய மெர்ரோ குடும்பம் 1881ஐ ஒட்டி உருவாக்கிய மிஷினிலிருந்து வளர்ந்தது இந்த ஓவர்லாக். இதில் நூல்கள் ஒன்றின் வளையத்தில் ஒன்று தொங்குவதால், துணி நீளும்போது தையலும் கூடவே நீண்டுகொடுக்கிறது. திருப்பூரில் தைக்கிற டிஷர்ட்டின் பக்கத் தையல் நம் உடம்போடு வளைவது இதனால்தான். ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் கிடைத்த நெகிழ்வு அது. அதே சார்பு வழியாகத்தான் ஒரு நூலின் பிழை இன்னொரு நூலில் போய் வெடிக்கிறது. நெகிழ்வை வைத்துக்கொண்டு இதை மட்டும் நீக்கிவிட வழி இருப்பதாகத் தெரியவில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. காரணம் தேட யாருக்கு நேரமிருக்கிறது? நிமிடத்துக்கு 6,000 தையலுக்கு மேல் ஓடக்கூடிய மிஷின் முன்னால், பீஸ் ரேட்டில் உட்கார்ந்திருக்கும் டெய்லருக்கு நின்ற ஒவ்வொரு நிமிடமும் கூலி இழப்பு. கைக்கு எட்டுவது டென்ஷன் திருகு. அவர் அதைத் திருகுவதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் திருகியதன் கணக்கு பிறகு வரும். உண்மையான காரணம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, நடுவில் திருகிய அத்தனையும் புதிய கோளாறுகளாக நிற்கும். ஊசியை மாற்றியதும் தையல் விழும், ஆனால் ஓரத்தில் வளையங்கள் தொளதொளவென்று தொங்கும். அதனால்தான் தேர்ந்த மெக்கானிக்குகள் திருகைக் கடைசிக்கு வைக்கிறார்கள். முதலில் நூல் வந்த பாதை, பிறகு ஊசி, எல்லாம் சரியென்றால்தான் டென்ஷன்.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் முதலில் நோய், பிறகு அதன் காரணம், பிறகு தணிக்கும் வழி என்று வரிசை வைக்கிறார். மிஷின் பக்கத்தில் இந்த வரிசை அப்படியே நடப்பதில்லை. அங்கே எல்லா நூலையும் உருவிப்போட்டு, புது ஊசி மாட்டி, முதலிலிருந்து கோத்துவிடுவதுதான் பலருடைய வைத்தியம். பெரும்பாலும் பலிக்கிறது. பலித்தபின் காரணத்தைத் தேட இடமில்லை, ஏனென்றால் தடயமெல்லாம் உருவிய நூலோடு போய்விட்டது. ஊசியா, வரிசையா, எங்கோ ஒரு கொக்கியில் மாட்டாமல் விட்ட நூலா? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்குள் பொழுது போயிருக்கும். மனிதர்களிடமும் இப்படி நடக்கிறது. எதையும் விசாரிக்காமல், நடந்ததை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கி நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை உட்கார்த்திக் காரணம் கேட்டால் இருப்பதும் கெடும். அதே மாதிரி தொடங்கி, ஆறு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி முறிந்தவர்களும் இருக்கிறார்கள். தொடங்குகிற நாளில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் வாதாடினேன். எந்த இடத்தில் அந்தத் தேடலை நிறுத்திக்கொள்ளலாம் என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.