மறுக்க இடமில்லாத வகுப்பறை

1862-இல் சயாம் மன்னர் மோங்குத், தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க அன்னா லியோனோவென்ஸ் என்ற ஆசிரியையைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தார். அழைப்புக் கடிதத்திலேயே ஒரு நிபந்தனையும் இருந்தது. மொழி, அறிவியல், இலக்கியம் ஆகியவற்றைக் கற்பிக்கலாம். கிறிஸ்தவத்துக்கு மாற்றும் வேலை மட்டும் கூடாது. இதைக் கிறிஸ்தவ வெறுப்பு என்று சொல்லிவிட முடியாது. அரியணை ஏறுமுன் 27 ஆண்டுகள் பிக்குவாக வாழ்ந்த மோங்குத், ஜெஸ்ஸி காஸ்வெல் என்ற அமெரிக்க மிஷனரியிடம்தான் ஆங்கிலம் கற்றார். அதற்குக் கைம்மாறாக, தாம் தலைமை வகித்த விகாரையின் வளாகத்திலேயே காஸ்வெல் பிரசங்கம் செய்ய ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்தார். 1851-இல் மன்னரானதும் அரண்மனைப் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க மிஷனரிகளின் மனைவியரை அமர்த்தினார். மொழிப்பாடத்தோடு மதபோதனையும் கலந்தது. சில ஆண்டுகளில் அந்த வகுப்பு நின்றுபோனது. அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்ததுதான் அன்னாவுக்கான நிபந்தனை.

ஒரு பக்கம் விகாரைக்குள்ளேயே பிரசங்கத்துக்கு அனுமதி, இன்னொரு பக்கம் வகுப்பறையில் தடை. இதில் முரண் எதுவும் இல்லை. காஸ்வெல்லிடம் படித்தபோது மோங்குத் நாற்பதைக் கடந்த துறவி, பாலி நூல்களில் தோய்ந்தவர். எதிரே இருப்பவர் எதற்காகக் கடல் கடந்து வந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லவும் அவரால் முடியும், சொல்வதால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. அரண்மனைப் பெண்களும் குழந்தைகளும் அப்படி இல்லை. பௌத்த நாடொன்றில் ஆங்கிலம் கற்பிக்கப் போகும் கிறிஸ்தவர் தம் விசுவாசத்தை அங்கே பகிரலாமா என்ற கேள்வியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: கேட்பவரால் மறுக்க முடிகிறதா?

அன்றைய சயாமான இன்றைய தாய்லாந்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பௌத்தர்கள். கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். அமெரிக்கா, பிரிட்டன், தென்னாப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ் என்று பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அங்கே போகிறார்கள். அவர்களில் சிலருக்குக் கற்பித்தல் ஒரு வேலை மட்டுமல்ல, ஊழியம். அந்த உணர்வை இழிவாகப் பேசுவது நியாயமாகாது. உயிர் தரும் செய்தி தன்னிடம் இருக்கிறது என்று முழு மனதோடு நம்பும் ஒருவரிடம், அதை விமான நிலையத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வா என்று சொன்னால், அவர் தம் பாதியை மறைத்துக்கொண்டுதான் வாழ வேண்டியிருக்கும். அந்த மறைப்பும் ஒரு பொய்தான். ‘நீங்கள் கோயிலுக்குப் போவீர்களா?’ என்று ஒரு மாணவி கேட்டால், ‘நான் கிறிஸ்தவள், ஞாயிறு தோறும் சர்ச்சுக்குப் போவேன்’ என்று பதில் சொல்வதில் தவறே இல்லை. சொல்லாமல் மழுப்புவதுதான் தவறு.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. தாய்லாந்துப் பள்ளிகளில் கல்வியாண்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் ஜூன் மாத வியாழன் ஒன்றில், ஆசிரியர் வணக்க விழா நடக்கும். மாணவர்கள் மண்டியிட்டு நகர்ந்து வந்து ஆசிரியரிடம் மலர்த்தட்டை நீட்டிக் கைகூப்பித் தலை தாழ்த்துவார்கள். தட்டில் அருகம்புல், கத்தரிப்பூ, இட்லிப்பூ மூன்றும் இருக்கும். அருகு படர்வதைப் போல அறிவு படர வேண்டும். கத்தரிப்பூ தலை கவிழ்ந்து தொங்குவதைப் போலப் பணிவு வேண்டும். இட்லிப்பூவின் ஊசிமொட்டைப் போலப் புத்தி கூர்மையாக வேண்டும். நேற்று வந்து சேர்ந்த வெளிநாட்டு ஆசிரியர் முன்னாலும் பிள்ளைகள் இப்படித்தான் வணங்குவார்கள். அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டவர் அடுத்த வாரம், ‘இயேசுவைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?’ என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? ஆசிரியர் மனம் நோகக்கூடாது, அவர் முகம் வாடக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை சிரித்துக்கொண்டே தலையாட்டும். அது மரியாதை. அதை ஆர்வம் என்று எண்ணிக்கொண்டு, ‘என் மாணவர்கள் தாகத்தோடு இருக்கிறார்கள்’ என்று சொந்த ஊர் சபைக்கு எழுதுபவர், தம்மையறியாமலேயே அந்தப் பிள்ளையின் பணிவைப் பயன்படுத்திக்கொள்கிறார்.

மொழி வகுப்புக்கென்றே ஒரு தனி ஆபத்தும் உண்டு. கணக்கு வகுப்பிலும் அறிவியல் வகுப்பிலும் மாணவர் தாம் புரிந்துகொண்டதைச் சொல்கிறார். மொழி வகுப்பில் அவர் நினைக்காததையும் சொல்வார். ஆசிரியர் ஒரு வாக்கியம் சொல்ல, நாற்பது குரல்கள் அதைத் திருப்பிச் சொல்லும். பொருள் மனதில் ஏறுமுன் சொல் வாயில் ஏறிவிடும். மொழி அப்படித்தான் பழகும் என்பதால் அந்த முறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இறந்தகால வினைக்குப் பயிற்சியாக, இயேசு நடந்தார், குணமாக்கினார், உயிர்த்தெழுந்தார் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையை எழுந்து நின்று சொல்லவைப்பது அந்த முறையைக் களவாடுவதாகும். விசுவாசத்தை வாயால் அறிக்கையிடுவதைக் கிறிஸ்தவம் எவ்வளவு பெரிதாக மதிக்கிறது என்பதை அந்த ஆசிரியர் நன்றாகவே அறிவார். அத்தனை மதிப்புள்ள வார்த்தைகளை இலக்கணப் பயிற்சியாக வாங்குவது அவருடைய சமயத்துக்கே இழுக்கு.

வகுப்புக்கு வெளியே, மணி அடித்த பிறகு, மரத்தடியில் உட்கார்ந்து பேசினால் சரியாகிவிடுமா? அங்கும் ஒரு சமனின்மை தொடர்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆசிரியர் பேசுவது தாய்மொழியில். மாணவருக்கோ கடன் வாங்கிய சில நூறு சொற்கள்தான் கையில். தன் பாட்டி காலையில் பிக்குகளுக்கு அன்னமிடுவது எதற்காக, புண்ணியம் என்று வீட்டில் எதைச் சொல்கிறார்கள், எதுவும் நிலையில்லை என்ற உணர்வு தன் வாழ்வில் எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் அந்த ஆங்கிலத்தில் அவரால் சொல்ல முடியாது. வாதத்தில் தோற்றது பௌத்தம் என்று ஆசிரியர் நினைக்கலாம். உண்மையில் மாணவரின் இலக்கணம்தான் தோற்றது. விசுவாசத்தைப் பேச விரும்புபவர் முதலில் அந்த ஊரின் மொழியைக் கற்று, தாம் தடுமாறுபவராக, எதிரில் இருப்பவர் திருத்துபவராக மாற வேண்டும். தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தி அல்ல. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்க் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதித் தமிழ் கற்றார். அவருடைய இறையியலோடு முரண்படலாம், ஆனால் அந்த மணலில் யார் ஆசிரியர், யார் மாணவர் என்பதில் ஒரு நேர்மை இருந்தது.

இதற்கு எதிராக ஒரு வலுவான உதாரணம் ஜப்பானிலிருந்து வரும். 1876-இல் சப்போரோ வேளாண் கல்லூரிக்கு வந்த அமெரிக்கர் வில்லியம் கிளார்க், ஒழுக்கப் பாடமாக பைபிளை வைத்தார். மாணவர்கள் கிறிஸ்தவ உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். அவர் ஓராண்டுகூடத் தங்கவில்லை. அடுத்த அணியில் சேர்ந்த 16 வயது உச்சிமுரா கன்சோ, மூத்த மாணவர்களின் நெருக்குதலால் மனமில்லாமல் அதே தாளில் கையெழுத்திட்டார். பின்னாளில் அவர் ஜப்பானியக் கிறிஸ்தவத்தின் பெரும் சிந்தனையாளர் ஆனார். நெருக்கடி நல்ல பலன் தந்ததே என்று கேட்கலாம். ஆனால் தாம் எப்படிக் கிறிஸ்தவர் ஆனார் என்று 1895-இல் எழுதிய நூலில், அந்தக் கையெழுத்து கட்டாயத்தால் போட்டது என்பதை அவர் மறைக்கவில்லை. அவர் உருவாக்கிய இயக்கமும் மேலைநாட்டுச் சபைகளின் அமைப்பை விலக்கியே நின்றது. அவருடைய விசுவாசத்துக்கு அவர் பட்ட பாடுதான் காரணம். அதன் பெருமையை அந்த நெருக்குதலுக்குக் கொடுக்க முடியாது.

பெரிய தவறு எங்கே நடக்கிறது என்றால், ஒளிவுமறைவில். தாய்லாந்தில் மிஷனரிகளுக்கென்றே தனி விசா உண்டு. ஆசிரியப் பணிக்கு வேறு விசா. இரண்டாவதை வாங்கிக்கொண்டு முதலாவதன் வேலையைச் செய்பவர், கதவைத் திறந்த தலைமையாசிரியரையும் பிள்ளையை நம்பி அனுப்பிய பெற்றோரையும் ஏமாற்றுகிறார். ஆங்கிலக் கற்பித்தல் துறைக்குள்ளும் இந்தச் சர்ச்சை சூடாகவே நடந்திருக்கிறது. ஆசிரிய வேடத்தில் மதப்பணி செய்வதை ஜூலியன் எட்ஜ் 2003-இல் கடுமையாகக் கேள்வி கேட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, மேரி ஷெப்பர்ட் வோங்குடன் சேர்ந்து, இரு தரப்பினரையும் ஒரே நூலுக்குள் பேசவைத்து 2009-இல் வெளியிட்டார். நேர்மையான விசுவாசிக்கு வெளியிலிருந்து வரும் கண்டனம் தேவையே இல்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுலே மறைவான வழிகளையும் தந்திரத்தையும் கைவிட்டதாகச் சொல்கிறார். 2011-இல் உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கான், உலக இவாஞ்சலிக்கல் கூட்டணி ஆகிய மூன்றும் சேர்ந்து வெளியிட்ட நடத்தை நெறிகளும், மக்களின் வறுமையையும் தேவையையும் பயன்படுத்தி ஆள் சேர்ப்பதை மறுக்கின்றன.

தேவை என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். சுற்றுலாவை நம்பி வாழும் ஊரில் ஆங்கிலம் என்பது ஹோட்டல் வேலை, கூடுதல் சம்பளம், பல்கலைக்கழக இடம். சர்ச் வளாகத்தில் இலவச ஆங்கில வகுப்பு நடத்துவதே குற்றம் என்று சொல்ல முடியாது. ‘முதல் ஒரு மணி நேரம் ஆங்கிலம், பிறகு விரும்புவோருக்கு மட்டும் பைபிள்’ என்று வாசலில் தாய்லாந்து மொழியில் எழுதி வைத்து, பெரியவர்கள் படித்துவிட்டு உள்ளே வந்தால் அது நியாயமானதே. முதல் மணி முடிந்ததும் எழுந்து போகிறவருக்கு மறுவாரமும் அதே சிரிப்போடு நாற்காலி கிடைக்க வேண்டும். கிறிஸ்துமஸும் இப்படித்தான். பல தாய்லாந்துப் பள்ளிகள் தாங்களாகவே ஆங்கில ஆசிரியரைக் கூப்பிட்டு கிறிஸ்துமஸ் விழா நடத்தச் சொல்கின்றன. பெத்லகேம் கதையைக் கிறிஸ்தவர்கள் நம்பும் கதையாகச் சொல்வது பாடம். மிட்டாய்ப் பொட்டலத்துக்குள் துண்டுப்பிரசுரம் வைப்பது பாடமாகாது.

எல்லா எச்சரிக்கைக்கும் பிறகும், ஒரு பதினைந்து வயதுப் பையன் உண்மையான தேடலோடு வந்து நிற்கலாம். அவனைத் துரத்துவது கொடுமை. ஆனால் அவன் தனி ஆள் அல்ல. தாய்லாந்து வழக்கத்தில் மகன் சிறிது காலமாவது காவி அணிந்து துறவு ஏற்பது பெற்றோருக்குப் புண்ணியம். மகனுடைய காவித் துணியின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு தாய் சொர்க்கம் போவாள் என்று ஊரில் சொல்வார்கள். அவன் ஞானஸ்நானம் பெற்றால் ஒரு தாயின் மறுமை நம்பிக்கை அறுந்துபோகலாம். ஆசிரியரின் ஒப்பந்தமோ பெரும்பாலும் ஓராண்டுதான். அது முடிந்ததும் அவர் விமானம் ஏறிவிடுவார். சாப்பாட்டு நேரத்து மௌனத்தை அந்தப் பையன்தான் தாங்க வேண்டும்.

பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி என்ற சமண இல்லறத்தார் புத்தரிடம் வாதம் செய்ய வந்து, மனம் மாறி, அவரைச் சரணடைகிறார். புத்தர் அந்த வெற்றியை உடனே வாரிக்கொள்ளவில்லை. உங்களைப் போல் அறியப்பட்ட ஒருவர் நன்றாக ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்கிறார். இதுவரை வீட்டுக்கு வந்த சமணத் துறவிகளுக்கு இனியும் உணவளிக்கச் சொல்கிறார். பையனுக்கு முன்னால் நிற்கும் கிறிஸ்தவ ஆசிரியரிடம் இதற்குக் குறைவாக எதிர்பார்ப்பது அவருடைய விசுவாசத்தைக் குறைத்து மதிப்பதாகும். அவனுக்குத் தாம் மதிப்பெண் போடும் காலம் முடியும்வரை காத்திருக்கலாம். அவனுடைய பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் செய்யாமல் இருக்கலாம். அந்த ஊரிலேயே நிலையாக வாழும் தாய்லாந்துக் கிறிஸ்தவர் ஒருவரை, துறவு பற்றியும் தாயின் மனம் பற்றியும் அறிந்தவரை, அறிமுகப்படுத்தலாம். தேவைப்பட்டால் அவன் வீட்டுக்கே போய், தடுமாறும் தாய்லாந்து மொழியில், அந்தத் தாய் கேட்கும் கேள்விகளுக்கு முகம் கொடுக்கலாம். அதற்குத் துணிவில்லாதவர் அந்தப் பையனிடம் அவனுடைய ஆங்கிலக் கட்டுரையைப் பற்றி மட்டும் பேசட்டும்.