உறக்கம் துறத்தல் தொண்டாகுமா?

அரசு மருத்துவமனையின் பொது வார்டு. இரவு மணி மூன்று. முந்தின நாள் காலை எட்டு மணிக்குப் பணியேற்ற இளம் மருத்துவர் இன்னும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் 24 மணி நேரம், ஏன், 36 மணி நேரத் தொடர்பணி கூடப் புதுமையன்று. காண்போர் அதைத் தவம் என்று போற்றுகின்றனர். மூத்த மருத்துவர்களோ, "நாங்களும் இப்படித்தானே கற்றோம்" என்கின்றனர்.

தன்னை வருத்திப் பிறர்க்கு உதவுதல் உயர்ந்ததே. ஆயினும், தியாகம் செய்யும் பொருள் தனக்கே உரியதாக இருக்க வேண்டும் அல்லவா? மருத்துவர் துறப்பது தம் உறக்கத்தை. அதன் விலையைச் செலுத்த நேர்வதோ கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கு. அவருடைய சம்மதத்தை எவரும் கேட்டதில்லை.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. நம் நாட்டிலோ 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வாகனம் ஓட்டுவது குற்றம். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு விதிக்கும் ஒழுங்கை, அதில் வந்து இறங்குபவருக்கு மருந்தின் அளவைக் கணக்கிடும் கைக்கு நாம் விதிப்பதில்லை! அமெரிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், நீண்ட பணிநேர முறையில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்கள் செய்த கடுமையான பிழைகள், நேரம் குறைக்கப்பட்ட முறையைவிட 36 சதவீதம் அதிகமாயிருந்தன. களைப்பு தன்னையே மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. "என்னால் முடியும்" என்று களைத்தவர் கூறுவதைச் சான்றாகக் கொள்ள இயலாது.

நேரத்தைக் குறைத்துவிட்டால் மட்டும் எல்லாம் சீராகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பொறுப்பு கைமாறும்போதெல்லாம் நோயாளியைப் பற்றிய ஏதேனும் ஒரு செய்தி விடுபடக்கூடும். அதற்கு முறையான ஒப்படைப்பைக் கற்பிப்பதே வழி. விழித்திருக்கச் செய்வது வழியாகாது.

விதி இல்லாமலும் இல்லை. நாளொன்றுக்குத் தொடர்பணி 12 மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கும் பொதுவாக மேற்படலாகாது என்று மத்திய அரசு 1992-இல் பணித்தது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு பரிந்துரைத்த உச்சவரம்போ வாரத்துக்கு 74 மணி நேரம். நடப்பு விதியை நோக்கி உயராமல், விதி நடப்பை நோக்கி இறங்கியிருக்கிறது.

பிழை நேர்ந்தால் விசாரணைக்கு அழைக்கப்படுபவர் அந்த இளம் மருத்துவர்தான். பணிப்பட்டியலை வகுத்தவரையும், காலியிடங்களை நிரப்பாமல் விட்டவரையும் எவரும் அழைப்பதில்லை. மூன்று மணிக்கு அவர் எழுந்து சென்றுவிடலாம். ஆனால் அந்த வார்டைப் பார்க்க வேறு மருத்துவர் எவரும் அன்றிரவு நியமிக்கப்படவில்லை.