சிலந்தி குற்றவாளியா?

தோட்டத்து மலர் கண்ணுக்கு இனியது. ஆயின் அதன் இதழ்களிடையே கொலையும் நிகழ்கின்றது. அதனைச் செய்வது நண்டுச் சிலந்தி. நண்டைப் போலப் பக்கவாட்டில் நகர்வதால் இப்பெயர் பெற்றது. இரை பிடிக்க இது வலை பின்னுவதில்லை. முன்புறமுள்ள நான்கு நீண்ட கால்களை விரித்து அசைவின்றிக் காத்திருக்கும். தேனுண்ண வரும் தேனீயைத் திடுமெனப் பற்றிக் கடித்து நஞ்சேற்றும். உள்நீரை உறிஞ்சி வெறுங்கூட்டை விட்டுவிடும்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழும் ஓரினத்தில், பெண் சிலந்தி தான் அமரும் மலருக்கேற்ப வெண்மையாகவோ மஞ்சளாகவோ நிறம் மாறும். இம்மாற்றத்திற்குப் பல நாட்கள் ஆகும். ஆஸ்திரேலியாவில் வாழும் வேறோர் இனம் வெண்மலரில் நம் கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் நாம் காணவியலாத புற ஊதா ஒளியை அது எதிரொளிப்பதால், தேனீயின் கண்ணுக்கு அம்மலர் மேலும் கவர்ச்சியாகின்றது என்று 2003இல் ஆய்வாளர் எடுத்துரைத்தனர். அழைப்பே பொறியாகின்றது!

இதனைக் கண்டு சிலர், “வலியது எளியதை உண்பது இயற்கை. மனிதரிலும் மேல் கீழ் என்பது அவ்வாறே அமைந்தது” என்பர். பிறப்பினால் தாழ்த்தப்பட்டோர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த வாதம் இது. இது பொருந்துமா?

அதே பெண் சிலந்தி, இலையை மடித்து நூலாற் கட்டி அதனுள் முட்டையிடும். உடல் மெலிந்த நிலையிலும் அதனருகே காவலிருக்கும். கொலையை எடுத்துக்காட்டுவோர் இக்காவலை ஏன் காட்டுவதில்லை? இரண்டும் இயற்கையே. அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பவன் மனிதன். எனவே பொறுப்பும் அவனுடையதே. சிலந்தியின் மேல் அதனைச் சுமத்துதல் ஆகாது.

பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் நிலையை ‘மச்ச நியாயம்’ என்றன பழைய அரசநூல்கள். அவையும் அதனைத் தடுக்கப்பட வேண்டிய கேடாகவே கூறின. பின்பற்றத்தக்க நெறியாகக் கூறவில்லை.

சிலந்திக்கு இரையைக் கொன்று உண்பதன்றி வாழ வேறு வழியில்லை. தன் செயலை நிறுத்தி நோக்கும் ஆற்றலுமில்லை. மனிதனுக்கோ இரண்டும் உண்டு. எண்ணத்தையே வினையெனக் கொள்ளும் நம் நெறியில், “இயற்கை” என்னும் சொல் எவர்க்கும் புகலிடமாகாது. இன்சொல்லால் அழைத்து எளியவரை ஏய்ப்பவன் சிலந்தியைச் சான்று காட்டித் தப்ப முடியாது. சிலந்தி குற்றமற்றது, அதனைச் சான்றாகக் காட்டுபவனே ஆராயப்படத் தக்கவன்.