பலிபீடமும் வரிப் புத்தகமும்



ஒரு பங்கு எப்படிப்பட்டது என்று அறிய விரும்புகிறவன் திருவிழா நாளில் வந்து பார்த்தால் போதாது. கொடியேற்றத்தன்றும் தேரன்றும் எல்லாப் பங்கும் அழகாய்த்தான் இருக்கும். திருவிழா இல்லாத ஒரு வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் வந்து பார்க்க வேண்டும். படுக்கையில் கிடக்கும் கிழவியைப் பார்க்க யார் போகிறார்கள்? புருஷனை இழந்து நாற்பது நாள் ஆன பெண்ணின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று யார் கேட்கிறார்கள்? நாலு வாரமாய்ப் பூசைக்கு வராத குடும்பத்தைக் குறித்து, "ஏன் வரவில்லை?" என்று குற்றமாய்க் கேட்பதற்கு முன், "என்ன ஆயிற்று?" என்று அன்பாய்க் கேட்டவர் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலே அந்தப் பங்கின் உண்மையான நிலைமை.

திவ்விய பலிபூசையின் கடைசியில் குருவானவர் நம்மை அனுப்பி வைக்கிறார். இலத்தீன் மொழியில் பூசைக்கு வழங்கும் 'மிஸா' என்னும் பெயரே அந்த அனுப்புதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகும். பூசை முடிந்தது, இனி நம் வேலையைப் பார்க்கலாம் என்று நாம் எழுந்து போகிறோம். ஆனால் திருச்சபையோ, பூசையில் பெற்றதைக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று நம்மை அனுப்புகிறது. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

ஆதிக் கிறீஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையை எப்படி அனுசரித்தார்கள் என்பதைத் தெளிவாய் எழுதி வைத்தவர் அர்ச். ஜுஸ்தீன். பாலஸ்தீன் நாட்டில் பிறந்து, தத்துவ சாஸ்திரங்களையெல்லாம் தேடிப் படித்து, கடைசியில் சத்திய வேதத்தைக் கண்டடைந்தவர். ஏறக்குறைய 155-ம் ஆண்டில் உரோமையிலிருந்து அந்தோனினுஸ் பியுஸ் சக்கரவர்த்திக்கு அவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். கிறீஸ்தவர்கள் இரகசியமாய்க் கூடி என்ன செய்கிறார்களோ என்று புறமதத்தார் சந்தேகித்த காலம் அது. ஆகையால் ஒளிவு மறைவின்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவர் சொல்லும் ஒழுங்கைக் கேளுங்கள். பட்டணத்தாரும் கிராமத்தாரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். அப்போஸ்தலருடைய நினைவுக் குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் ஆகமங்களும் வாசிக்கப்படுகின்றன. தலைமை தாங்குகிறவர் பிரசங்கம் செய்கிறார். எல்லாரும் எழுந்து மன்றாடுகிறார்கள். அப்பமும் இரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படுகின்றன. நன்றி மன்றாட்டின் முடிவில் சனங்கள் ஆமென் என்கிறார்கள். எல்லாரும் நற்கருணை வாங்குகிறார்கள். இதுவரையில் நம்முடைய பூசையும் அதுவேயல்லவா? ஆனால் அர்ச். ஜுஸ்தீன் அதோடு நிறுத்தவில்லை. வர முடியாதவர்களுக்குத் தியாக்கோன்கள் நற்கருணையை வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். வசதியுள்ளவர்கள் தங்கள் மனதின்படி கொடுக்கிறார்கள். அந்தப் பணம் தலைமை தாங்குகிறவரிடம் வைக்கப்படுகிறது. அவர் அதைக்கொண்டு அனாதைகளையும், விதவைகளையும், வியாதியாலோ வேறு காரணத்தாலோ தவிப்பவர்களையும், சிறையில் இருப்பவர்களையும், வழிப்போக்கரான அந்நியர்களையும் ஆதரிக்கிறார்.

கவனித்தீர்களா? அனாதையும் விதவையும் பூசைக்கு வெளியே உள்ள வேறு காரியமாக அவருக்குத் தோன்றவில்லை. பலிபீடத்தைச் சொல்லிக்கொண்டு வந்த அதே மூச்சில் அவர்களையும் சொல்லுகிறார். சில ஆண்டுகளுக்குப் பின், ஏறக்குறைய 165-ல், அவர் அந்த விசுவாசத்துக்காகத் தம் தலையையும் கொடுத்தார்.

ஆதித் திருச்சபையில் குறையே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அப்போஸ்தலர் நடபடி ஆகமத்தின் 6-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தினந்தோறும் நடந்த பங்கீட்டில், கிரேக்க மொழி பேசிய கூட்டத்தாரின் விதவைகள் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அப்போது அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? முறையிட்டவர்களை அதட்டினார்களா? கோயில் மானத்தைக் கெடுக்கிறீர்கள் என்றார்களா? இல்லை. சபையைக் கூட்டி, நற்பெயர் பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்து, அந்தப் பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்தார்கள். அர்ச். முடியப்பர் முதலான அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. எந்தப் பக்கத்தார் விடுபட்டார்களோ, அந்தப் பக்கத்தாரிடமே பொறுப்பு போயிற்று என்று இதிலிருந்து விளங்குகிறதல்லவா? ஏழையின் முறையீடு சபைக்குச் சத்துரு அல்ல, சபையைத் திருத்தும் மருந்து என்பதை அப்போஸ்தலர்கள் அறிந்திருந்தார்கள்.

இனி சொல்லப் போவது சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். ஆனாலும் சொல்லாமல் விடக் கூடாது.

நம் நாட்டில் அநேக ஊர்களில் தலைக்கட்டு வரி என்ற வழக்கம் உண்டு. திருவிழாச் செலவுக்காகவும் கோயில் காரியங்களுக்காகவும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயித்து வசூலிக்கிறார்கள். அதற்கு ஒரு புத்தகம் உண்டு. கொடுத்தவன் பெயருக்கு நேரே ஓர் அடையாளம், கொடாதவன் பெயருக்கு நேரே பாக்கி. இதில் தவறில்லை. ஆனால் அந்தப் புத்தகம் எப்போது திறக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று வரும்போது, மகளுக்குக் கலியாண ஓலை என்று வரும்போது, எல்லாவற்றிலும் கொடுமையாக, வீட்டில் பிணம் கிடக்கும்போது அது திறக்கப்படுகிற இடங்கள் உண்டு.

ஒரு கொத்தனாரை எண்ணிக்கொள்ளுங்கள். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார். இருந்த நகை மருத்துவத்துக்குப் போயிற்று. மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்த்தாள். இரண்டு திருவிழா வரி கட்டவில்லை. கட்டாதவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார்களோ என்ற வெட்கத்தில் அவள் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஒரு நாள் விடியற்காலையில் அவர் இறந்து போனார். கோயில் மணி அடிக்க வேண்டும். கல்லறையில் குழி வெட்ட வேண்டும். வந்தவர்களோ பாக்கியை எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். சகோதரரே, அந்த நேரத்தில் அந்தப் பெண்ணின் காதில் விழுவது எந்தச் சுவிசேஷம்?

197-ம் ஆண்டளவில் ஆப்பிரிக்காவிலுள்ள கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியான் என்பவர் கிறீஸ்தவர்களுக்காக வாதாடி ஒரு நூல் எழுதினார். பிற்காலத்தில் அவர் திருச்சபையை விட்டு விலகிப் போனது துக்கமான காரியம். ஆனாலும் அந்த நூலில் அவர் கண்டு எழுதியது நமக்குப் பெரும் சாட்சி. எங்களுக்கும் ஒரு பொதுப் பெட்டி உண்டு என்கிறார். மாதத்தில் ஒரு நாள், மனமுள்ளவனும் இயன்றவனும் மட்டும் அதில் போடுவான், ஒருவனையும் கட்டாயப்படுத்துவதில்லை என்கிறார். அந்தப் பணம் விருந்துக்கும் குடிக்கும் போவதில்லை. ஏழைகளுக்கு உணவளிக்கவும், ஏழைகளை அடக்கம் செய்யவும், தாய் தகப்பனற்ற பிள்ளைகளுக்கும், வீட்டோடு முடங்கிய முதியவர்களுக்கும், கப்பல் உடைந்து தப்பியவர்களுக்கும், விசுவாசத்தினிமித்தம் சுரங்கங்களிலும் சிறைகளிலும் கிடப்பவர்களுக்கும் செலவாகிறது என்று எழுதுகிறார்.

ஏழைகளை அடக்கம் செய்ய! அவர்கள் காலத்தில் பொதுப் பணம் ஏழையின் பிணத்தைச் சுமந்தது. நம் காலத்தில் ஏழையின் பிணம் பொதுப் பணத்தின் பாக்கியைச் சுமக்க வேண்டுமா?

"எல்லாருக்கும் தள்ளிவிட்டால் கோயிலை யார் நடத்துவது?" என்று நிர்வாகத்தார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விளக்குக்கு எண்ணெயும், உபதேசியாருக்குச் சம்பளமும், கூரைக்கு ஓடும் வானத்திலிருந்து விழுவதில்லை. கோயிலின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்று 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 222-ம் இலக்கத்தில் கூறுகிறது. வசதி இருந்தும் கொடாமல் ஒளிந்து திரிகிறவன் தன் மனச்சாட்சிக்குப் பதில் சொல்லட்டும். ஆனால் அதே சட்டம் 848-ம் இலக்கத்தில், ஏழ்மையின் காரணமாக ஒருவரும் தேவதிரவிய அனுமானங்களை இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 1181-ம் இலக்கத்தில், அடக்கச் சடங்கில் ஆள் பார்த்து நடத்தலாகாது, ஏழைகளுக்குத் தகுந்த அடக்கம் கிடைக்காமற் போகலாகாது என்று கட்டளையிடுகிறது. இது குருவானவர் காட்டும் தயவு அல்ல. ஏழைக்குத் திருச்சபை கொடுத்திருக்கும் உரிமை.

அர்ச். சின்னப்பர் எருசலேம் ஏழைகளுக்காகத் தருமம் சேர்த்தபோது என்ன ஒழுங்கு வைத்தார்? வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவனும் தன் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கச் சொன்னார். தலைக்கு இவ்வளவு என்று அவர் விதிக்கவில்லை. கார் வைத்திருப்பவனுக்கும் கைவண்டி இழுப்பவனுக்கும் ஒரே தொகை விதிப்பது பார்வைக்குச் சமம், உண்மையில் சமமல்ல. அதே கொரிந்து சபையில், ஆண்டவருடைய இராப்போசனத்துக்குக் கூடியபோது ஒருவன் வயிறாரத் தின்று குடிக்க, மற்றொருவன் பட்டினியாய் நின்றதைக் கேள்விப்பட்டு அப்போஸ்தலர் எவ்வளவு கடுமையாய்க் கண்டித்தார்! இல்லாதவனை வெட்கப்படுத்துவது சர்வேசுரனுடைய சபையையே அவமதிப்பது என்றல்லவா எழுதினார்?

வேறொரு கணக்கையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 251-ம் ஆண்டில் உரோமை மேற்றிராணியாரான அர்ச். கொர்னேலியு பாப்பானவர் அந்தியோக்கியா மேற்றிராணியாருக்கு எழுதிய கடிதத்தில் தம்முடைய சபையின் நிலையை விவரிக்கிறார். குருக்கள் 46 பேர், தியாக்கோன்கள் 7 பேர் என்று வரிசையாய்ச் சொல்லிவிட்டு, 1500-க்கும் அதிகமான விதவைகளும் துன்புற்றோரும் ஆண்டவருடைய கிருபையால் போஷிக்கப்படுகிறார்கள் என்று எழுதுகிறார். வேத கலாபனையில் அடிபட்ட சபை அது. அவருக்கு முன்னிருந்த பாப்பானவர் வேதசாட்சியாய் இறந்து இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. அப்படியிருந்தும் அந்தச் சபையிடம் ஒரு புத்தகம் இருந்தது. அதில் கொடுக்க வேண்டியவர்களின் பெயர் அல்ல, பெற வேண்டியவர்களின் பெயர் இருந்தது. ஒவ்வொரு பங்கும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்: நம்மிடம் வரிப் புத்தகம் இருக்கிறது, இந்த இரண்டாவது புத்தகம் இருக்கிறதா?

"நாங்கள் சாதாரண மனிதர், எங்களால் என்ன முடியும்?" என்பீர்கள். பாரீஸ் மாநகரில் பிரடெரிக் ஓசானாம் என்ற மாணவன் இருந்தான். திருச்சபை முற்காலத்தில் நன்மை செய்தது சரி, இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எதிர்ப்பேசினவர்கள் கேட்ட கேள்வி அவன் நெஞ்சில் தைத்தது. 1833-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, அவனுடைய இருபதாவது பிறந்த நாளன்று, சில தோழர்களோடும் பெய்யி என்ற மூத்தவரோடும் கூடி ஒரு சிறு சபையைத் தொடங்கினான். ஏழைகளின் வீடுகளை நன்கு அறிந்த ரொசாலி என்ற கன்னிகை அவர்களுக்கு வழிகாட்டினாள். அதுவே அர்ச். வின்சென்ட் தே பவுல் சபை. ஓசானாம் நாற்பது வயதில் இறந்தார். 1997-ல் முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். அவர்கள் பெரும் பணம் கொண்டு தொடங்கவில்லை. இருவர் இருவராய் ஏழையின் வாசற்படி ஏறினார்கள். பணத்தை அனுப்பிவிட்டுத் தாங்கள் வீட்டில் இருக்கவில்லை, தாங்களே போனார்கள்.

ஆகையால், பிரியமானவர்களே, இந்த வாரத்துக்கென்று சில காரியங்களைச் சொல்லுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உங்கள் பக்கத்தில் வழக்கமாய் இருப்பவர் வந்தாரா என்று பாருங்கள். வரவில்லையானால் அன்று மாலையே போய்ப் பாருங்கள். நோயாளிகளின் பெயரைக் குருவானவரிடம் கொடுங்கள். நற்கருணை வீட்டுக்கு வரட்டும்.

தாய்மாரே, உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் வையுங்கள். இந்தப் பிடியரிசி வழக்கம் நம் பாட்டிமார் அறிந்ததே. ஒரு வீட்டுப் பிடி அற்பம். நூறு வீட்டுப் பிடி ஒரு மூட்டை.

அன்பியக் கூட்டம் நாற்காலி உள்ள வீடுகளில் மட்டும் நடக்க வேண்டாம். ஓலைக் குடிசையில் பாய் விரித்து நடக்கட்டும். உங்கள் தெருவில் உதவி பெற வேண்டியவர் யார் என்று அங்கே விசாரியுங்கள். ஆனால் ஒருவருடைய கஷ்டம் ஊர்ப் பேச்சாகிவிடக் கூடாது. வின்சென்ட் தே பவுல் சபையார் வாரக் கூட்டத்தில் காணிக்கையை இரகசியமாய் எடுப்பதும், உதவி பெறும் வீட்டின் பெயரை வெளியே விடாதிருப்பதும் இதற்காகவே.

படித்த வாலிபர்களே, முதியோர் உதவித்தொகைக்கும் விதவை உதவித்தொகைக்கும் மனு எழுதத் தெரியாதவர்கள் அநேகர். ஒரு சனிக்கிழமை காலையை அவர்களுக்குக் கொடுங்கள். மாலையில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நிர்வாகத்தாரே, உங்களை மன்றாடிக் கேட்கிறேன். சாவு வீட்டில் வரிப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். பாக்கிதாரர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லாதீர்கள். கட்ட இயலாதவனிடம் தனியே போய், "அண்ணே, இந்த வருஷம் உங்களுக்கு வேண்டாம்" என்று அன்பாய்ச் சொல்லுங்கள். வாணவேடிக்கையில் ஒரு பங்கைக் குறைத்து, ஏழைகளின் அடக்கத்துக்கென்று ஒரு நிதி ஒதுக்குங்கள். கல்லறையில் சாதி பார்த்துப் பிரிக்கும் வழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் அதையும் மண்ணில் புதைத்துவிடுங்கள். பிரான்சிஸ் பாப்பரசர் ஏற்படுத்தி, 2017 முதல் நவம்பர் மாதத்தில் அனுசரிக்கப்பட்டு வரும் ஏழைகளின் உலக நாளுக்கு இதைவிட நல்ல ஆயத்தம் ஏது?

கடைசி நாளில் நம்முடைய ஆண்டவரும் ஒரு புத்தகத்தைத் திறப்பார். தேருக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று அவர் விசாரிப்பதாகச் சுவிசேஷத்தில் இல்லை. பசித்திருந்தேன், அந்நியனாயிருந்தேன், நோயாயிருந்தேன், சிறையிலிருந்தேன், நீ என்ன செய்தாய் என்று விசாரிப்பதாகவே அர்ச். மத்தேயு 25-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகத்தில் நமக்குப் பாக்கி இராதபடி, இந்த வாரமே தொடங்குவோம்.

ஏழைகளின் தாயாகிய தேவமாதா நமக்காக வேண்டிக்கொள்வார்களாக. சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.